பழைய நிரல்களும் புதிய முறைமைகளும்: கணினி வரலாற்றிற் கடந்தகால உழைப்பின் இடம்

கணினியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பொறிகளின் வரிசையையே வரலாறாகக் கொண்டுள்ளனர். வால்வுகளால் இயன்ற பொறி, திரான்சிஸ்ரர்ப் பொறி, ஒருங்கிணைந்த சுற்றுக்களாலான பொறி, மேசைக் கணினி என ஒன்றையடுத்து ஒன்று தோன்றி, முந்தியதைப் பின்தள்ளிச் செல்லும் முன்னேற்றக் கதையாக அது அமைந்துவிடுகிறது. பொறி மாறும்பொழுது அப்பொறிக்கென மனிதர் எழுதிவைத்த நிரல்கள் என்னவாகின்றன என்ற வினா இக்கதையில் எழுவதேயில்லை. பொறியை ஒரே நாளிற் கழற்றி அகற்றிவிடலாம். ஆயின், பத்தாண்டுக் காலம் பலர் கூடி எழுதித் திருத்திப் பயன்பாட்டிற் செம்மைப்படுத்திய நிரல்களை அவ்வாறு அகற்றிவிட முடிவதில்லை.

நிரல் தனித்து இயங்கும் பொருளன்று. அது செயலியின் கட்டளைகளையும், ஒப்பரேற்றிங் சிஸ்டம் எனப் பொதுவழக்கில் வழங்கும் பணிசெயல் முறைமையையும் நம்பி எழுதப்படுவது. கோப்பினைத் திறத்தல், திரையில் எழுத்தைக் காட்டுதல், நினைவகத்தில் இடம் பெறுதல் முதலாய கருமங்களுக்கு நிரலானது பணிசெயல் முறைமையின் உதவியை நாடுகிறது. உதவியைக் கேட்கும் முறையும் விடை கிடைக்கும் முறையும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. அவ்வரையறையினை இடைமுகம் என்பர். இடைமுகம் மாறுமிடத்து நிரலில் ஓரெழுத்தேனும் பழுதுபடாதிருந்தும் அது இயங்காது போகின்றது.

பழைய நிரல்களைப் புதிய முறைமைகளில் இயங்கச் செய்தல் தொழில்நுட்பவியலாளருக்கு மட்டுமே உரிய சிறு பிரச்சினையாக முதல் நோக்கிற் தோன்றலாம். ஆனால், இடைமுகத்தை யார் காக்கின்றனர், யார் மாற்றுகின்றனர், எவர் நலன் கருதி அவ்வாறு செய்கின்றனர் என்று வினவத் தொடங்கியதும் பிரச்சினை சமூக வரலாற்றின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலிலே பொறிகளைக் கடந்தகால உழைப்பின் திரட்சியாகக் கண்டார். நிரலும் அத்தகையதொரு திரட்சியே. நிரலொன்றின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் தொழில்நுட்பத் தகுதி மட்டுமன்று. அதிலே திரண்டுள்ள உழைப்புக்கும் அது இயங்கும் தளத்தின் உடைமைக்கும் இடையிலான உறவே அதனைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது என்பதை, 1960கள் முதலான சில நிகழ்ச்சிகளின்வழி எடுத்துக்காட்ட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

இப்பிரச்சினை முதன்முதலிற் பேரளவில் எழுந்த சூழலை ஐ.பி.எம். நிறுவனத்தின் வரலாற்றிற் காணலாம். 1959 ஒக்ரோபரில் அந்நிறுவனம் 1401 என்னும் கணினியை அறிவித்தது. அதுவரை துளையட்டைப் பொறிகளை வைத்துச் சம்பளப் பட்டியல், பொருளிருப்பு, காப்புறுதிக் கணக்கு ஆகியவற்றைச் செய்துவந்த நடுத்தர நிறுவனங்களும் மாத வாடகைக்குப் பெறத்தக்கதாக அது அமைந்தது. 12,000இற்கு மேற்பட்ட 1401 பொறிகள் உற்பத்தி செய்யப்பட்டன. அதன் நினைவகம் 1,400 எழுத்துக்களில் தொடங்கி, மிகக் கூடியதாக 16,000 எழுத்துக்களை மட்டுமே கொள்ளவல்லது. அக்குறுகிய இடத்துள் ஒரு நிறுவனத்தின் கணக்கு வழக்கெல்லாம் அடங்கவேண்டியிருந்தமையால், நிரலர்கள் அப்பொறியின் இயல்புகள் ஒவ்வொன்றையும் பயன்படுத்திச் சிக்கனமாக எழுதினர். அன்று திறமை எனப் போற்றப்பட்ட அச்சிக்கனமே, பின்னர் அந்நிரல்களை அப்பொறியோடு பிணைத்த விலங்காயிற்று.

அக்காலத்து ஐ.பி.எம். பல்வேறு கணினி வரிசைகளை ஒருங்கே விற்பனை செய்தது. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது. சிறிய பொறியிலிருந்து பெரிய பொறிக்கு மாற விரும்பிய நிறுவனம் தன் நிரல்கள் அனைத்தையும் மீண்டும் எழுதவேண்டும். இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1961இல் அமைக்கப்பட்ட உட்குழு, சிறியது முதற் பெரியது வரை எல்லாப் பொறிகளும் ஒரே கட்டளைத் தொகுதியை ஏற்கும் புதிய குடும்பமொன்றினை விதந்துரைத்தது. 1964 ஏப்ரில் 7ஆம் திகதி அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 அதன் விளைவாகும். ஜீன் அம்டால், கெரிற் பிளாவ், பிரெட் புரூக்ஸ் ஆகிய மூவரும் அவ்வாண்டு எழுதிய ஆய்வுக்கட்டுரையில், நிரலர் காணும் பொறியின் இயல்பு வேறு, அதனைச் செயற்படுத்தும் மின்சுற்றுக்கள் வேறு எனத் தெளிவாகப் பிரித்துக் காட்டினர். நிரல் நம்பியிருக்கவேண்டியது முன்னையதையே என்பது அதன் உட்கிடை.

எனினும், இப்புதிய குடும்பத்தின் பொறிகள் தம்முள் ஒத்தனவேயன்றி, 1401 முதலிய பழைய பொறிகளோடு ஒத்தனவல்ல. எதிர்காலத்துக்குத் தொடர்ச்சியை உறுதிசெய்த அத்திட்டம் கடந்தகாலத்தோடு முறிவையே வேண்டி நின்றது. வாடிக்கையாளர் இதனை எளிதில் ஏற்கவில்லை. 1963 டிசெம்பரில் ஹனிவெல் நிறுவனம் எச்-200 என்னும் கணினியை அறிவித்து, 1401 நிரல்களைத் தன் பொறிக்கு மாற்றித் தரும் மென்பொருளையும் உடன் வழங்கியது. அதற்கு அது இட்ட பெயர் 'லிபரேற்றர்', அதாவது விடுதலை செய்வது. ஐ.பி.எம். நிறுவனத்துள்ளேயே கருத்து மோதல் மூண்டது. புதிய குடும்பத்தை விதந்துரைத்த குழுவின் தலைவராயிருந்த ஜோன் ஹான்ஸ்ட்ராவே, 1401ஐ மேம்படுத்தி விற்பதே தக்கது என இப்பொழுது வாதிடலானார்.

இந்நெருக்கடிக்குக் கிடைத்த தீர்வே எமியுலேற்றர் எனப்படும் உத்தியாகும். ஒரு பொறி மற்றொரு பொறியின் கட்டளைகளை ஏற்று, அதுவாகவே நடந்துகொள்வது இதன் அடிப்படை. சிஸ்டம்/360 வரிசையின் சிறிய மாதிரியாகிய 30இல், செயலியின் அடிப்படை அசைவுகள் துளையட்டை அளவினதான தகடுகளில் நுண்நிரலாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அத்தொகுதியோடு 1401இன் கட்டளைகளை விளங்கிக்கொள்ளும் நுண்நிரலையும் சேர்த்ததும், பழைய நிரல்கள் மாற்றமெதுவுமின்றி இயங்கின. தம் சொந்தப் பொறியில் இயங்கியதிலும் விரைவாகவே இயங்கின. இவ்வுத்தி இல்லாதிருந்திருப்பின் சிஸ்டம்/360இன் வெற்றி ஐயத்திற்குரியதாகியிருக்கும் எனலாம்.

இங்கு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பழைய நிரல்களைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் பொறியியலாளரின் வரைபடத்திலிருந்து பிறக்கவில்லை. ஆயிரக்கணக்கான அலுவலகங்களிற் திரண்டிருந்த உழைப்பு ஒரு பொருளாதார வலிமையாகச் செயற்பட்டு, போட்டியாளன் வாயிலாக, உலகின் மிகப் பெரிய கணினி உற்பத்தியாளனைப் பணியவைத்ததன் விளைவே அது.

2

அவ்வாறு பணிந்த நிறுவனம் அப்பணிவையே பின்னர் தன் பலமாக்கிக்கொண்டது. சிஸ்டம்/360இற்கு 1960களில் எழுதப்பட்ட நிரல்கள் அதன் வழித்தோன்றல்களாகிய இன்றைய பெருங்கணினிகளிலும் இயங்கவல்லவை. 1972இல் அறிவிக்கப்பட்ட வீ.எம்./370 இன்னும் ஒருபடி மேற்சென்றது. ஒரே பொறி பல பொறிகளாகத் தோற்றங்காட்ட, ஒவ்வொரு தோற்றப் பொறியிலும் வெவ்வேறு பணிசெயல் முறைமைகள் இயங்கின. புதிய முறைமைக்கு மாறும் நிறுவனம் பழைய முறைமையை அதன் நிரல்களோடு அப்படியே ஒரு தோற்றப் பொறியினுள் வைத்துக்கொள்ளலாம். இன்று மெய்நிகர்ப் பொறி என வழங்கும் கருத்தின் முக்கியமான தொடக்கங்களுள் ஒன்று இதுவாகும்.

இவற்றிடையே, 1969 யூன் மாதத்தில் ஐ.பி.எம். தன் பொறிகளையும் மென்பொருள்களையும் தனித்தனி விலைக்கு விற்கப்போவதாக அறிவித்தமை விதந்து கூறத்தக்கது. அதுவரை பொறியோடு சேர்த்து வழங்கப்பட்டுவந்த மென்பொருள் இதன் பின்னர் தனித்ததொரு பண்டமாக வளர்ச்சி பெற்றது. பண்டமானதும் அதற்கு உடைமையாளன் தோன்றினான்; விற்பனைக்காலம் தோன்றியது; விற்பனைக்காலம் முடிந்த பண்டம் என்ற நிலையும் தோன்றியது. பிற்காலச் சிக்கல்கள் பலவற்றின் வித்து ஈண்டு ஊன்றப்பட்டது.

நிரல் பேணப்படினும் அதனை அறிந்தோர் பேணப்படுவதில்லை என்ற உண்மையையும் இப்பெருங்கணினி வரலாறு உணர்த்துகின்றது. நினைவகத்தை மிச்சப்படுத்த ஆண்டினை ஈரிலக்கத்தால் குறித்த பழைய வழக்கம் 1990களின் இறுதியில் உலகளாவிய திருத்த வேலைக்கு வழிகோலியது. தாம் எழுதியவை 2000ஆம் ஆண்டுவரை வாழும் என அவற்றை எழுதியோரிற் பலர் எண்ணியிருக்கவில்லை. 2020 ஏப்ரிலில், கொள்ளைநோயால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் வந்து குவிந்தபொழுது, நியூ ஜேர்சி மாநில ஆளுநர் பில் மர்பி, கோபோல் மொழி அறிந்தோர் முன்வருமாறு பகிரங்கமாக வேண்டவேண்டியதாயிற்று. கோபோல் 1959இல் வடிவமைக்கத் தொடங்கப்பட்ட நிரல்மொழி. பொறி மாறியும் நிரல் நின்றது; ஆனால், அதனைப் படித்துத் திருத்தவல்ல மனிதர் ஓய்வு பெற்றுவிட்டனர். கடந்தகால உழைப்பு தானாக வாழ்வதில்லை. உயிருள்ள உழைப்பு அதனைத் தொட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

3

பெருங்கணினிகளின் உலகிலே பயன்படுத்துவோர் வங்கிகளும் அரசாங்கங்களும் ஆவர். பேரம்பேசும் வலிமை அவர்களிடம் இருந்தது. 1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். தனிக்கணினி வெளிவந்ததும் நிலைமை மாறியது. இப்பொழுது பயன்படுத்துவோர் சிதறிக்கிடந்த கோடிக்கணக்கான தனிமனிதரும் சிறு நிறுவனங்களுமாவர். தளத்தின் உடைமை பணிசெயல் முறைமையை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனத்திடமும், செயலியை ஆக்கிய இன்ரெல் நிறுவனத்திடமும் சென்று சேர்ந்தது.

டொஸ் என்னும் அக்காலப் பணிசெயல் முறைமை மிக எளியது. நிரல்கள் வேகத்தின் பொருட்டு அதனைத் தாண்டிச் சென்று திரைக்குரிய நினைவகத்தில் நேரடியாகவே எழுதின. பொறியின் உறுப்புக்களைத் தாமே இயக்கின. ஒரு நேரத்தில் ஒரு நிரலே இயங்கிய காலத்தில் இதனாற் கேடில்லை. பல நிரல்கள் ஒருங்கே இயங்கவேண்டிய விண்டோஸ் முறைமையில், பொறி முழுவதும் தனதே என எண்ணும் பழைய நிரலுக்கு இடமளிப்பது எங்ஙனம் என்பது பிரச்சினையாயிற்று. 1985இல் வெளிவந்த 80386 செயலி இதற்கு வழிசெய்தது. அதிலே பழைய 8086 செயலியாகத் தோற்றங்காட்டும் தனிநிலை ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. டொஸ் நிரல் அந்நிலையினுள் தான் தனித்திருப்பதாகவே நம்பி இயங்க, விண்டோஸ் அதனை வெளியிலிருந்து கட்டுப்படுத்தியது. 1993இல் முற்றிலும் புதிய அடித்தளத்தோடு வந்த விண்டோஸ் என்.ரி. முறைமையிலும் டொஸ் நிரல்களுக்கென இத்தகைய தோற்றப் பொறியொன்று சேர்க்கப்பட்டது.

1995இல் விண்டோஸ் 95 வெளிவந்தபொழுது இம்முயற்சி உச்சநிலையை எய்தியது. நிரலரும் எழுத்தாளருமான ஜோயல் ஸ்பொல்ஸ்கி பதிவுசெய்துள்ள செய்தியொன்று இங்குக் கருதத்தக்கது. சிம்சிற்றி என்னும் விளையாட்டு நிரலில் ஒரு பிழை இருந்தது. தான் விடுவித்துவிட்ட நினைவகப் பகுதியை அது மீண்டும் வாசித்தது. பழைய முறைமையில் அப்பகுதி உடனடியாக வேறெவருக்கும் வழங்கப்படாமையாற் பிழை வெளிப்படவில்லை. புதிய முறைமையில் நிரல் வீழ்ந்தது. குற்றம் நிரலினதே எனினும், மைக்ரோசொப்ட் பொறியியலாளர் சிம்சிற்றி இயங்குகிறதா என ஆராய்ந்து, இயங்கின் நினைவகத்தை உடன் விடுவிக்காதிருக்கும் தனி ஏற்பாட்டினை விண்டோஸினுள்ளேயே சேர்த்தனர்.

இதனைப் பொறியியலாளரின் பெருந்தன்மை எனக் கொள்வது ஒரு நோக்கு. அவர்களின் உழைப்பும் கவனமும் மெய்யானவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், புதிய முறைமையை வாங்கி நிறுவியவரின் கணினியிற் பழைய விளையாட்டு நின்றுபோயின், அவர் குறைகூறுவது விளையாட்டை அன்று, புதிய முறைமையையே. விண்டோஸ் எங்கும் பரவவேண்டிய அவ்வாண்டுகளிற் பழைய நிரல்கள் அதன் விற்பனைக்குப் படிக்கட்டுகளாயின. பிழைகளுக்கும் பாதுகாப்பு அளிக்கும் அளவிற்குச் சந்தை விரிவாக்கத்தின் தேவை வலுவாயிருந்தது.

4

சந்தை கைப்பற்றப்பட்டபின் நிகழ்ந்ததனை நோக்கும்பொழுது இக்கருத்து மேலும் தெளிவுபெறும். 2005இல் தனிக்கணினிகளுக்குரிய 64-பிற்று விண்டோஸ் வெளிவந்தது. புதிய செயலிகள் 64-பிற்று நிலையில் இயங்கும்பொழுது, 8086ஆகத் தோற்றங்காட்டும் பழைய தனிநிலை கிடைப்பதில்லை. டொஸ் நிரல்களையும் 16-பிற்று விண்டோஸ் நிரல்களையும் அம்முறைமை கைவிட்டது. செயலியின் அமைப்பே காரணமெனக் கூறப்படுவதில் உண்மையுண்டு. ஆனால், செயலியின் துணையின்றி மென்பொருளால் மட்டும் பழைய பொறியைப் போலச்செய்தல் இயலாததன்று. 2002 முதல் வெளிவந்த டொஸ்பொக்ஸ் என்னும் நிரல் அதனையே செய்தது; அதனை ஆக்கியோர் ஊதியம் பெறாத ஆர்வலர். இயலாமையன்று, இலாபமின்மையே வேறுபாடு என்பது இதனாற் புலனாகும்.

இம்மாற்றத்தின்போது நேர்ந்த ஒரு சிக்கலும் நோக்கற்பாலது. 1990களிற் பல 32-பிற்று நிரல்களை நிறுவும் சிறு நிரல் 16-பிற்றில் எழுதப்பட்டிருந்தது. உள்ளே இருப்பது புதிய முறைமையில் இயங்கவல்லது. அதனைத் திறக்கும் கதவோ இயங்காது. பெருவழக்காயிருந்த சில நிறுவல் நிரல்களுக்கு மட்டும் விண்டோஸ் மாற்று நிரல்களைத் தன்னுட்கொண்டது. ஏனைய நிரல்களை வைத்திருந்தோர் வாசலில் நிற்கவேண்டியவராயினர். 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, 32-பிற்றுப் பதிப்பாக வெளியிடப்படவேயில்லை. டொஸ் நிரல்களுக்குத் தோற்றப் பொறியளித்த இறுதி விண்டோஸ் ஆகிய விண்டோஸ் 10இன் 32-பிற்றுப் பதிப்புக்கு வழங்கப்பட்ட பொது ஆதரவும் 2025 ஒக்ரோபரில் முடிவுற்றது.

அப்பிள் நிறுவனத்தின் வரலாறு இதற்கு ஒப்புநோக்கத்தக்கது. அது தன் கணினிகளின் செயலியை மும்முறை மாற்றியது. 1994இல் மோட்டோரோலா 68000 வரிசையிலிருந்து பவர்பீசிக்கும், 2006இல் இன்ரெலுக்கும், 2020இல் தன் சொந்தச் செயலிக்கும் சென்றது. ஒவ்வொரு முறையும் பழைய நிரல்களை மொழிபெயர்த்து இயக்கும் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. இரண்டாவது மாற்றத்திற்குரிய ரொசெற்றா என்னும் பாலம் 2011இல் அகற்றப்பட்டது. 2019இல் 32-பிற்று நிரல்கள் அனைத்தும் கைவிடப்பட்டன. தன் பொறியையும் முறைமையையும் தானே உடைமையாகக் கொண்ட நிறுவனத்துக்குப் பழைய நிரல் சில ஆண்டு ஆற்றைக் கடக்க உதவும் தெப்பம், கரையேறியபின் சுமை. மைக்ரோசொப்ட் நீண்டகாலம் சுமந்ததும் அப்பிள் விரைவில் இறக்கிவைத்ததும் அறவேறுபாட்டாலன்று, அவற்றின் சந்தை நிலைகளின் வேறுபாட்டாலேயே எனக் கொள்ளல் பொருத்தமாகும்.

5

இதுவரை நாம் நோக்கியவை ஏதோவொரு வகையில் வாங்குவோரைக் கொண்ட நிரல்கள். வாங்குவோரற்ற நிரல்களின் கதி யாது? இங்கிலாந்தின் டோம்ஸ்டே திட்டம் இதற்குச் சிறந்த சான்றாகும். 1086இல் முதலாம் வில்லியம் மன்னனின் ஆணையால் இங்கிலாந்தின் நிலங்களையும் குடிகளையும் கணக்கெடுத்து எழுதப்பட்ட ஏட்டின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் புதியதொரு கணக்கெடுப்பை வெளியிட்டது. பாடசாலை மாணவர் உட்படப் பத்து இலட்சம் வரையிலான மக்கள் தம் ஊர்களைப் பற்றி எழுதியும் படம்பிடித்தும் அனுப்பினர். அவை இரண்டு லேசர்த் தட்டுக்களிற் பதியப்பட்டன. அவற்றைப் படிப்பதற்கு அதற்கெனச் செய்யப்பட்ட பிலிப்ஸ் இயக்கியும், ஏக்கோர்ன் நிறுவனத்தின் பி.பி.சி. மாஸ்ரர் கணினியும், அதற்கென எழுதப்பட்ட நிரலும் தேவைப்பட்டன.

பதினைந்து ஆண்டுகளுக்குள் அப்பொறிகள் அருகிவிட்டன. தோலில் எழுதப்பட்ட 1086ஆம் ஆண்டு ஏட்டினை அறிஞர் இன்றும் படிக்கின்றனர். 1986ஆம் ஆண்டுக் குழந்தைகள் எழுதியவை படிக்க இயலாதனவாகும் நிலை தோன்றியது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்திய கமிலியன் ஆய்வுத்திட்டத்தினர், அக்கணினியையும் இயக்கியையும் போலச்செய்யும் நிரலை உருவாக்கி 2002இல் அதனைச் செய்துகாட்டினர். பொதுமக்களின் உழைப்பால் ஆகிய இப்படைப்பை மீட்டது சந்தையன்று, பல்கலைக்கழகமே.

இவ்வாபத்தைப் பற்றி ஜெவ் ரொதன்பேர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1995இலேயே விரிவாக எழுதியிருந்தார். ஆவணத்தின் பிற்றுக்களை மட்டும் காத்தல் போதாது, அவற்றை விளக்கும் நிரலையும், அந்நிரல் இயங்கும் சூழலையும் சேர்த்தே காக்கவேண்டும் என்பதும், அதற்கு எமியுலேற்றரே தக்க வழி என்பதும் அவர்தம் வாதம். வேறு சிலர், ஆவணங்களைக் காலத்துக்குக் காலம் புதிய வடிவங்களுக்கு மாற்றிச் செல்வதே போதும் என்றனர். எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட ஆவணங்களுக்குப் பின்னையது பெரும்பாலும் பொருந்தும். நிரலின் இயக்கமே படைப்பாக உள்ளவிடத்து முன்னையதன்றி வழியில்லை என்பதே எமது கருத்து.

6

பழைய நிரலை மீட்க அறிவும் ஆர்வமும் இருந்தாற் போதுமா? இடைமுகத்தின் உடைமை பற்றிய வினா இங்குதான் கூர்மையடைகிறது. 1993இல் தொடங்கிய வைன் என்னும் திட்டம், விண்டோஸ் நிரல்கள் விண்டோஸ் இன்றியே லினக்ஸ் முதலிய முறைமைகளில் இயங்குவதற்கு வழிசெய்தது. பொறியைப் போலச்செய்யாது, விண்டோஸின் இடைமுகத்தையே வைன் மீள எழுதியது. நிரல் கேட்கும் கேள்விக்கு விண்டோஸ் அளிக்கும் விடையை வைன் அளிக்கின்றது. முதற் பதிப்பு எனத் தக்கதொன்று 2008இலேயே வெளிவந்தது என்பது அவ்வுழைப்பின் அளவை உணர்த்தும். சில பழைய விண்டோஸ் நிரல்கள் இன்று புதிய விண்டோஸில் இயங்காது வைனில் இயங்குதல் வரலாற்றின் ஒரு முரண்.

இத்தகைய முயற்சிகள் நீதிமன்றத்தையும் எட்டின. சோனி நிறுவனத்தின் விளையாட்டுப் பொறியைக் கணினியிற் போலச்செய்த கொனெக்ரிக்ஸ் நிறுவனத்தின் மீதான வழக்கில், அப்பொறியின் உள்ளமைப்பை அறியும்பொருட்டு அதன் நிரலைப் படியெடுத்தல் நியாயமான பயன்பாடே என 2000இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. ஜாவா மொழி இடைமுகத்தின் ஏறத்தாழ 11,500 வரிகளைக் கூகிள் நிறுவனம் மீள எடுத்தாண்டமை பற்றி ஒராக்கிள் தொடுத்த வழக்கு பத்தாண்டுக்கு மேல் நீடித்து, 2021 ஏப்ரிலில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கூகிளுக்குச் சாதகமாக முடிந்தது. இடைமுகம் எவருக்கும் உரித்தன்று என அந்நீதிமன்றம் கூறிவிடவில்லை. அவ்வினாவைத் தீர்க்காமலே, இப்பயன்பாடு நியாயமானது என மட்டும் கூறிற்று.

படிப்பூட்டு உடைப்பதைத் தடைசெய்த 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்கு, வழக்கொழிந்த வடிவங்களிலுள்ள நிரல்களின் பொருட்டு 2003இல் ஒரு விதிவிலக்கு வழங்கப்பட்டது. காப்பகங்கள் இதனாற் பயன்பெற்றன. ஆனால், உரிமையாளன் விற்கவும் மாட்டான், பிறர் படியெடுக்கவும் விடான் என்ற நிலை பல நிரல்களைப் பொறுத்தவரை இன்றும் தொடர்கிறது. உற்பத்தி சமூகத்தினது, உடைமை தனியாருடையது என்ற முரண்பாடு ஈண்டு மிகத் தெளிவாக வெளிப்படக் காணலாம்.

7

எதிர்வாதமொன்றையும் நாம் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். பழையதைச் சுமத்தல் விலையின்றி நிகழ்வதன்று. ஒவ்வொரு பழைய இடைமுகமும் புதிய முறைமையைச் சிக்கலாக்குகிறது. பழைய பாதுகாப்புக் குறைகளுக்கும் வழிவிடுகிறது. 2017 மே மாதத்தில் பரவிய வனாக்கிறை என்னும் தீநிரல், திருத்தம் நிறுவப்படாத விண்டோஸ் கணினிகளைத் தாக்கி, பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் மருத்துவமனைகளை நிலைகுலையச் செய்தது. 2014இல் ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பீக்கும் மைக்ரோசொப்ட் அப்பொழுது விதிவிலக்காகத் திருத்தம் வழங்கியது. பழைய முறைமைகளைத் திருத்தமின்றி வைத்திருத்தல் ஆபத்தானது என்பது உண்மையே.

ஆனால், நிறுவனங்கள் பழைய முறைமைகளில் ஏன் தங்கிவிடுகின்றன என வினவுவாம். ஆய்வுகூடக் கருவியொன்றின் ஆயுள் இருபது ஆண்டுகளாயிருக்க, அதனை இயக்கும் நிரல் நம்பியுள்ள பணிசெயல் முறைமையின் ஆயுள் பத்தாண்டாகவே இருக்குமாயின், நல்ல நிலையிலுள்ள கருவியை எறிவதா, பாதுகாப்பற்ற கணினியை வைத்திருப்பதா என்ற தெரிவு பயன்படுத்துவோர் மீது சுமத்தப்படுகிறது. வளமுள்ள நிறுவனம் புதியதை வாங்கும். வளமற்றது ஆபத்தோடு வாழும். நவீனத்தை வெறுக்கும் பழமைப்பற்றாக இதனைக் கொள்ளுதல் தவறாகும். பழைய நிரலைத் தனித்த தோற்றப் பொறியொன்றினுள் அடைத்து, வெளித்தொடர்பின்றி இயக்கும் வழியுண்டு. அதற்கு வேண்டியன நிரலின் மூலவடிவமும் இடைமுகத்தின் விவரமும் அவற்றைப் பயன்படுத்தும் உரிமையுமே. அவற்றை வெளியிடுமாறு கேட்கும் வலிமை சிதறிக்கிடக்கும் பயன்படுத்துவோரிடம் இல்லை என்பதே சிக்கல்.

8

இறுதியாக, எமது வீட்டு வாசலையும் நோக்குவோம். ஈழத்துத் தமிழ் அச்சகங்களிலும் புலம்பெயர்ந்தோர் வெளியீடுகளிலும் பாமினி என்னும் எழுத்துரு நெடுங்காலம் பெருவழக்காயிருந்தது. உரோம எழுத்துக்களுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு அது. 1991இல் யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்திருந்தும், பக்கங்களை அமைக்கும் பேஜ்மேக்கர் நிரல் யுனிகோட்டை அறியாதிருந்தமையால், அச்சுத்தொழில் பாமினி முதலிய எழுத்துருக்களையே நம்பியிருந்தது. பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. ஆகவே, ஒரு தலைமுறைக் காலத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் கைவிடப்பட்டதொரு நிரலின் கோப்புகளாக, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற உரோம எழுத்துக் கோவைகளாகத் தோன்றும் வடிவிலே உறைந்துகிடக்கின்றன.

எழுத்தினை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. ஆனால், கோப்பினைத் திறப்பதற்கு முதலில் அந்நிரல் இயங்கவேண்டும். அது இயங்கப் பழைய விண்டோஸோ அதனைப் போலச்செய்யும் சூழலோ வேண்டும். அக்கோப்புகளைத் திறந்து மாற்றுவதற்கு விற்பனைச் சந்தை எதுவும் முன்வரப்போவதில்லை. 1401இன் நிரல்களைக் காக்க ஆயிரக்கணக்கான வணிக நிறுவனங்களின் நலன் இருந்தது; டோம்ஸ்டே தட்டுக்களைக் காக்க இரு பல்கலைக்கழகங்கள் இருந்தன. எமது கோப்புகளுக்கு இருப்பது நாம் மட்டுமே.

மேலே கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகிறது. திரண்ட உழைப்பு வலிமையுள்ளோரின் கையில் இருந்தபோது உற்பத்தியாளன் அதனைச் சுமந்தான். சந்தை விரிவுக்கு உதவியபோது அதன் பிழைகளையும் சுமந்தான். அவ்விரண்டும் இல்லாதவிடத்து அதனைக் கைவிட்டான். கைவிடப்பட்டதை மீட்டோர் ஆர்வலரும் ஆய்வாளருமாவர். இவ்வேலையைத் தனிமனிதரின் ஓய்வுநேர ஆர்வத்துக்கு விட்டுவிடாது, நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தம் கடமைகளுள் ஒன்றாக ஏற்றல் வேண்டும். பழைய கணினியொன்றைக் கழிக்குமுன், அதிலுள்ள நிரல்களையும் கோப்புகளையும் எழுத்துருக்களையும் முழுமையாகப் படியெடுத்து, எந்த முறைமையில் எந்தப் பதிப்பில் இயங்கின என்ற குறிப்போடு வைத்தல் அதன் முதற் படியாகும். அதனை இன்றே தொடங்கலாம். அதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை.